ஒரே கார், இரண்டு தலைக்கவசங்கள்

பழைய காரைப் பந்தயத் தடத்துக்குத் தயார்ப்படுத்துவது என்பது, உடையப் போவது எது என்று அது உடைவதற்கு முன்பே தேடிக் கவலைப்படுகிற தொழில். தொழில் என்றதும் வருமானத்தை நினைக்க வேண்டாம். ஆக்லாந்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே, ஒரு தடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு அங்கே இடம் தருகிறார்கள். பரிசு இல்லை, கைதட்டலும் இல்லை. காலையில் ஓட்டிக்கொண்டு போன காரை மாலையில் ஓட்டிக்கொண்டே வீடு திரும்பினால் அதுவே வெற்றி. இந்தப் பழக்கம் உள்ளவர்களும், இந்தப் பழக்கம் உள்ளவரைக் கட்டிக்கொண்டவர்களும் இதைப் படித்துத் தலையசைப்பார்கள் என்று நம்புகிறேன்.

எங்களுடையது ஜப்பானிலிருந்து பழையதாக வந்து இறங்கிய சிறிய ஹேட்ச்பேக். பிளாக்ஹவுஸ் பே பகுதியில், எங்கள் வீட்டுக் கராஜில் நிற்கிறது. அதை இருவர் ஓட்டுகிறோம்: நானும் என் கணவர் மரியதாஸும். எங்கள் வழக்கப்படி இனி ‘இவர்’ என்றே எழுதுகிறேன். நான் மருத்துவமனையில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இவர் நில அளவையாளர். ஓய்வு பெற்றபின் இவர் இதைத் தொடங்கினார். இவர் சக்கர நட்டுகளை இறுக்குகிற விதத்தைப் பார்த்தபின் நானும் தொடங்கினேன். கார் ஒன்றே என்பதால் ஒரு சுற்று இவருக்கு, அடுத்த சுற்று எனக்கு. ஒருவர் உள்ளே ஓட்டும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும்.

இவருக்கு வருகிற பங்குனியில் எழுபத்தைந்து. அந்த வயதில் இந்த நாட்டில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவரின் சான்று வேண்டும், கண்ணையும் சோதிப்பார்கள். அதைப் பற்றி நான் வாய் திறந்தால் இவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். உரிமம் போனால் தடமும் போகும், தெருவும் போகும். ஆனால் என்னை அலைக்கழித்த கேள்வி உரிமம் பற்றியது அல்ல. அந்தச் சான்று வருவதற்கு முன்பே ஏதாவது நடந்துவிடுமோ என்பதுதான்.

பின் இருக்கை

முதல் வேலையாகப் பின் இருக்கையைக் கழற்றினோம். எடை குறைய வேண்டும். அந்த இடத்தில், கார் கவிழ்ந்தாலும் கூரை நசியாமல் தாங்குகிற இரும்புக் கம்பியைப் பூட்ட வேண்டும். அப்படி மாற்றிய காரை ஒரு பொறியாளர் பார்த்துச் சான்றுத் தகடு பொருத்தினால்தான் தெருவில் ஓடத் தகுதிச் சான்றான வாரண்ட் கிடைக்கும். ஞாயிறு பூசைக்குப் போவதும் இதே காரில்தான். ஆகவே தகடு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கழற்றிய இருக்கையை எறிய மனம் வராமல் கராஜின் சுவரோரம் போட்டோம். இவர் அதில் அமர்ந்து பத்திரிகை படிப்பார்.

எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த பிலோமினா அக்கா ஒருநாள் பலகாரத்தோடு வந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். தலையை உள்ளே விட்டுக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சுவரோரத்து இருக்கையில் மெல்ல அமர்ந்து, முழங்காலைத் தடவியபடி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “இருக்கிறதுக்கு இருந்த சீற்றைக் கழட்டிப்போட்டு, தலை இடிக்கிறதுக்கு ஒரு கம்பியைப் பூட்டி வைச்சிருக்கிறியள். இதை வித்தால் ஆர் பிள்ளை வாங்குவினம்?”

ஜெபமாலை

தடத்துக்குள் இறங்குமுன் காலையில் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள். எங்கள் கார் ஓட்டுநர் கழகத்தில் அந்தப் பொறுப்பு கிரஹாமுடையது. அன்றைய ஓட்டங்களை நடத்துகிறவரும் அவரே. பாட்டரி அசைகிறதா, ஆக்ஸிலேட்டர் மிதி தானாகத் திரும்புகிறதா, தலைக்கவசத்தில் வெடிப்பு உண்டா என்று பார்த்துக்கொண்டே வருவார். பரீட்சை மண்டபத்தில்கூட எனக்கு இப்படி உள்ளங்கை வியர்த்ததில்லை. முதல் தடவை நான் எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன். சக்கர நட்டுகளை, முறுக்கின் அளவு காட்டுகிற ஸ்பானரால் வீட்டில் ஒருமுறை, வந்து சேர்ந்தபின் ஒருமுறை இறுக்கியிருந்தேன். கிரஹாம் குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையில் விரலை வைத்தார்.

அது இலங்கையில், எங்கள் ஊர்ப்பக்கத்து மடு மாதா திருவிழாவில் வாங்கியது. இவர் அதில்லாமல் காரை உருட்டியதே இல்லை. “அது என்ன செய்யப்போகுது?” என்று இவர் ஆங்கிலத்தில் கேட்ட தொனி வாக்குவாதத்துக்குத் தயாரானவரின் தொனி. பிரேக் பிடிக்கும்போது அவிழ்ந்து மிதிகளுக்கடியில் விழுந்தால் என்ன ஆகும் என்று கிரஹாம் பொறுமையாக விளக்கினார். இறுதியில் அதைத் தன் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் பூட்டி, மாலையில் தருவதாக வாக்களித்தார். அவருடைய ஆங்கிலத்தை நான் தமிழில் தருகிறேன். கண்டிப்பு முழுவதும் அவருடையது. “வண்டிக்குள் எதுவும் சும்மா தொங்கக் கூடாது, ரீட்டா. கடவுளானாலும் சரி, இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.”

மரியாதை

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். கணினித் துறையில் வேலை. வீடு த்ரீ கிங்ஸ் பகுதியில். எங்களுடையதைப் போன்ற ஒரு ஹேட்ச்பேக்கைத் தானும் வாங்கி, நாங்கள் செய்த எல்லா மாற்றங்களையும் எங்களைக் கேட்டே செய்தார். அவர் முதன்முதலாகத் தடத்தில் இறங்கிய நாளன்று வேலியோரம் நின்ற என் காதில் ஒரு சத்தம் விழுந்தது. அந்த இடத்தில் அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டிராத சத்தம் அது: ஹார்ன். வளைவுக்கு முன்னால் ஒருமுறை, யாரையாவது முந்துவதற்கு முன்னால் இருமுறை. நேர்ச்சாலையில் வந்ததும் நான்கு பக்கமும் சிமிட்டு விளக்குகளைப் போட்டார். ஓட்டத்தை முடித்துத் தடத்தைவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்த இடத்தில் இடப்பக்க விளக்கைப் போடுவார்கள். தான் திரும்பவில்லை, நேராகப் போகிறேன் என்று அறிவிக்கிறாராம். பின்னால் வந்த எல்லோரும், காரில் ஏதோ கோளாறு என்று பயந்து வேகத்தைக் குறைத்தார்கள். எண்ணெய் கொட்டியிருக்கிறதோ என்று ஒருவர் முழுவதுமாக நின்றே விட்டார்.

கிரஹாம் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த கார்த்திக்கின் முகம் வாடியிருந்தது. நான் ஒரு மட்டன் ரோல்ஸை நீட்டினேன். அதைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே முறையிட்டார்: “ஆன்ட்டி, எங்க ஊர்ல ஹார்ன் அடிக்காம முந்துனா திமிருங்கறாங்க. இங்க அடிச்சா திமிருங்கறாங்க. நான் எங்கதான் மரியாதையா இருக்கறது?”

கைப்பிரேக்

தடத்தில் வேகமாக ஓட்டி நிறுத்திய காரின் பிரேக்குகள் அடுப்பில் இருந்து இறக்கிய இரும்புச் சட்டி போலச் சூடாக இருக்கும். அந்த நிலையில் கைப்பிரேக்கை இழுத்தால் பிரேக் கட்டை சக்கரத்தின் இரும்புத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கியரில் போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்துவிட்டு இறங்க வேண்டும். இதை நான் இவருக்குச் சொன்னேன், இவரும் கேட்டார். ஆனால் காரை நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்கிற பழக்கம் இவருடைய கைக்கு உரியதே தவிர மூளைக்கு உரியதல்ல. மன்னாரில் உரிமம் எடுக்கும்போது பரிசோதகர் கையில் அடித்துப் பழக்கியதாம்.

என் சுற்றுக்கு அழைத்தார்கள். நான் தலைக்கவசம் பூட்டி, இருக்கை வார்களை இறுக்கி, கிளச்சை விட்டேன். கார் அழுந்தியது, நகரவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சக்கரங்கள் ஆறி விடுபடும்வரை நான் தலைக்கவசத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவர் பக்கத்தில் நின்றார். நான் கைப்பிரேக்கை ஒருமுறை பார்த்தேன். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை போலும். “ஊரிலையிருந்து இண்டுவரைக்கும் ஒரு இடத்திலையும் கார் உருண்டு போகேல்லை. அதுக்கு இந்தக் கைதான் காரணம். இப்ப நீர் அந்தக் கையைத்தான் குற்றம் சொல்லுறீர்.”

ஒப்படைப்பு

அன்றைக்கே ஒரு விதி செய்தேன். மருத்துவமனையில் ஒரு பணிமுறை முடிந்து போகிறவர், அடுத்த பணிமுறைக்கு வருகிறவரிடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும்: எந்த மருந்து தீர்ந்தது, எதில் சந்தேகம், எது தவறியது. கேட்பவர் குறை சொல்லக் கூடாது. சொல்பவர் மறைக்கக் கூடாது. அதையே காருக்கும் கொண்டுவந்தேன். ஓட்டிவிட்டு இறங்குகிறவர், காரில் கண்டதையும் கேட்டதையும் சொல்லிவிட்டே சாவியைத் தர வேண்டும்.

இவர் இதை நல்ல மாணவரைப் போலச் செய்தார். “கிளச் கொஞ்சம் மேலை பிடிக்குது. மூண்டாம் கியர் விழ மாட்டனெண்டு அடம்பிடிக்குது. முன் இடப்பக்கம் ஒரு முனகல்.” நான் அத்தனையையும் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எங்கள் ஒப்படைப்பைக் கேட்கக் கூடுவார்கள். புரியாத மொழியில் இரண்டு கிழங்கள் தலைக்கவசத்தோடு ஒருவருக்கொருவர் பாடம் ஒப்பிப்பது அவர்களுக்கு வேடிக்கை. கார்த்திக் மட்டும் புரிந்து கேட்டார். “ஆன்ட்டி, புருஷன் பொண்டாட்டி இவ்வளவு நேர்மையா பேசிக்கறத நான் எங்கயும் பார்த்ததில்ல. காருங்கறதால தப்பிச்சீங்க.”

பிரேக் எண்ணெய்

கடந்த கோடையின் முடிவில் ஒப்படைப்பில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: “பிரேக் பிந்திப் பிடிக்குது.” நேர்ச்சாலையின் முடிவில் உள்ள வளைவில் கார் நிற்க மாட்டேன் என்கிறதாம். ஒருமுறை புல்லுக்குள் போய்த் திரும்பி வந்தார். பிரேக்கைவிடப் பயங்கரமான சொல் இந்தப் பழக்கத்தில் வேறில்லை. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் சூட்டில் கொதித்துவிடும். மிதி தரையைத் தொடும். கார் போய்க்கொண்டே இருக்கும். அந்த வாரம் நான் சரியாக உறங்கவில்லை. பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றினோம். ஒருவர் மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் கிடந்து காற்றை வெளியேற்றுகிற வேலை அது. “அமத்துங்கோ! பிடியுங்கோ! விடுங்கோ!” என்று நான் தரையிலிருந்து கத்த, “விட்டாச்சு, விட்டாச்சு” என்று இவர் மேலிருந்து கத்த, அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து நலம் விசாரித்தார்.

அடுத்த மாதமும் அதே வரி. பிரேக் கட்டைகளை மாற்றினேன். அதற்கடுத்த மாதமும் அதே வரி. குழாய்களை மாற்றினேன். கடைசியில் கார்த்திக்கை வரவழைத்து, நான்கு சக்கரங்களையும் கழற்றி, நான் பார்த்ததையெல்லாம் மறுபடி அவரைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். கையைத் துடைத்தார். இவர் தேநீர் எடுக்க உள்ளே போயிருந்த சமயம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஆன்ட்டி, இதுல இருக்கற பிரேக் என் கார்ல இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். நீங்க வேற எங்கயாவது பாருங்க.”

அதே கார்

வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே மருந்தை இருவர் உண்டு, ஒருவருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மருந்தையே திரும்பத் திரும்பச் சோதிப்பவள் நல்ல மருந்தாளர் அல்லள். இவர் இறங்கிய சூட்டோடு நான் ஏறி, அதே நேர்ச்சாலையில், வளைவுக்கு நூறு மீற்றர் என்று காட்டுகிற அதே பலகையைப் பார்த்து, அதே பிரேக்கை மிதித்தேன். கார் கண்ணியமாக வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு முன்பே என் சொற்படி அடங்கியது.

இறங்கி வந்து சொன்னேன்: “பிரேக் நல்லாத்தானே பிடிக்குது.” இவர் நிமிராமல், “நீர் மெல்ல வாறீர். உமக்குப் பிடிக்கும்” என்றார். நான் விட்டுவிட்டேன். எங்கள் சுற்று நேரங்களைக் கைத்தொலைபேசியில் பிடித்துக்கொண்டிருந்த கார்த்திக், அதை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டார். இவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடிக் காரின் மறுபக்கம் போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்: “நாலு மாசமா நீங்கதான் வேகம், ஆன்ட்டி. அங்கிளுக்குத் தெரிய வேணாம்.”

டெய்ரி

கண் பரிசோதனை என்று நேராகச் சொல்ல முடியாததால், சும்மா கவனிக்கத் தொடங்கினேன். கண்ணாடி போட்டும் பூசைப் புத்தகத்தைக் கையை முழுவதும் நீட்டிப் பிடித்தார். எதிரே வருகிற காரின் விளக்கைத் திட்டினார். இவர் நிலத்தை ஒரு பார்வையில் அளந்தவர். அந்தக் கண்ணில் இவருக்கு ஒரு கர்வம் உண்டு. எங்கள் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது தூரத்து மலையில் நிற்கிற ஆடுகளை எண்ணிக் காட்டிச் சிரிக்கவைப்பார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் பால் வாங்குவதற்காக டெய்ரி என்று இங்கே அழைக்கிற பிளாக்ஹவுஸ் பே மூலைக்கடையின் முன் நிறுத்தினோம். இவர் இறங்கிப் போய்க் கதவைத் தள்ளினார். மறுபடி தள்ளினார். தோளால் தள்ளினார். கண்ணாடிக் கதவில், இவருடைய மூக்குக்கு நேரே, ‘மூடப்பட்டுள்ளது’ என்ற சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காரில் இருந்த எனக்கே அது தெரிந்தது. இவர் மூக்கை அதன்மேல் ஏறக்குறைய வைத்துப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தார். “இப்ப எல்லாரும் எழுத்தை வரவரச் சின்னனாப் போடுறாங்கள்.”

மஞ்சள் கொடி

ஆடி மாதம். குளிர்காலத்துச் சூரியன் பிற்பகலிலேயே தாழ்ந்து, நேர்ச்சாலையின் முடிவில் முகத்துக்கு நேரே நின்றது. இவருடைய சுற்று. நான் வேலியோரம். வளைவில் ஒரு கார் சுழன்று சரளைக்குள் போய்ப் புதைந்தது. ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை, ஆனால் தடத்தின் இளம் உதவியாளர் ஒருவர் அவரை இறக்குவதற்காகத் தடத்தின் ஓரம்வரை ஓடினார். மஞ்சள் கொடியை ஆட்டினார்கள். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை; யாரையும் முந்தாதே. கார்த்திக் உடனே குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்த எங்கள் கார் குறைக்கவில்லை. அவரை முந்திக்கொண்டு, அந்த உதவியாளர் நின்ற பக்கமாகவே விரைந்தது. நான் வேலிக் கம்பியைப் பிடித்தேன். உதவியாளர் பின்னோக்கிப் பாய்ந்தார். எங்கள் கார் கடந்து போனது. இடையில் இருந்த தூரம் ஒரு கதவின் அகலம்கூட இராது.

ஓட்டத்தை நிறுத்தி எல்லோரையும் உள்ளே அழைத்தார்கள். கிரஹாம் நடந்து வந்தார். ஓடி வந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். கொடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே, “பார்த்தேன்” என்றார். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் உடனே விளங்கியது. குருடர் என்று பெயர் எடுப்பதைவிடத் திமிர் பிடித்தவர் என்று பெயர் எடுப்பது இவருக்கு மேல். அயலார் முன்னால் மனைவி மறுத்துப் பேசுவது எங்கள் வழக்கமல்ல. நான் வாயைத் திறந்தேன். கிரஹாம் என்னைப் பார்க்காமலே கையைச் சற்று உயர்த்தி, இவரிடம் மட்டும் பேசினார். “பார்த்தும் முந்தினீர்கள் என்றால், தாஸ், உங்களை நான் இந்தப் பக்கமே வரவிடக் கூடாது. பார்க்கவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரண்டில் எது என்று யோசித்து வந்து சொல்லுங்கள். நான் என் அறையில் இருக்கிறேன்.”

ரயர் ஆறுவதற்குள்

இவர் காரை எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கைப்பிரேக்கைத் தொடவில்லை. இறங்கி, மரக்கட்டையைத் தானே வைத்து, தலைக்கவசத்தைக் கழற்றினார். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. உதவியாளர் நலமாக இருக்கிறார் என்று கார்த்திக் வந்து சொல்லிவிட்டு, கேட்காமலே தூரப் போய் நின்றுகொண்டார். சரளையில் புதைந்த காரை இழுத்து முடித்தபின், அடுத்த சுற்றுக்காரர்களை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். அது என்னுடைய சுற்று; ரயர்கள் சூடாக இருக்கும்போதே தடத்தைப் பற்றிப் பிடிக்கும். என் தலைக்கவசம் கையில் இருந்தது. இந்த நிலையில் யார் ஓட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இவர் சாவியோடு எனக்கு எதிரே நிமிர்ந்து நின்றார். ஒப்படைக்க நிற்கிற விதத்தில்.

“கிளச் சரி,” என்றார். “மூண்டாம் கியர் சரி. ரயர் நாலும் சரி.” நிறுத்தினார். “பிரேக்கும் சரிதான். பிரேக் ஒருநாளும் பிழை விடேல்லை. நீர் சும்மா கிடந்து மாத்தினீர்.” சாவியை மற்றக் கைக்கு மாற்றினார். “வலக் கண்ணிலை வெயில் பட்டால் முன்னுக்கு எல்லாம் பால் ஊத்தின மாதிரிக் கிடக்கு. பலகை தெரியேல்லை. கொடி தெரியேல்லை. அந்தப் பெடியனும் தெரியேல்லை, ரீட்டா.”

இவருடைய கையிலிருந்து சாவியை வாங்கினேன். “நானும் வாறன்” என்றேன். இவர் ஏற்கெனவே கிரஹாமின் அறையை நோக்கித் திரும்பிவிட்டார். இரண்டடி போய் நின்று, திரும்பி, என்னைக் கடிந்துகொண்டார். “நீர் ஏன் வாறீர்? நான் போய்ச் சொல்லுறன். நீர் காரை ஓடும், ரயர் ஆறப்போகுது.”

வெளியே நிற்பவர்

கண்புரை என்றார் மருத்துவர். இரண்டு கண்ணிலும், வலது மிகவும் முற்றியது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் வரிசையில் பெயர் இருக்கிறது. பங்குனிக்கு முன் முறை வருமா என்று கேட்டேன்; சொல்ல முடியாது என்றார். அதுவரை இவர் எந்தக் காரையும் ஓட்டக் கூடாது. சிகிச்சைக்குப் பிறகும் தெருவுக்கு அனுமதி பெரும்பாலும் கிடைக்கும், தடத்தைப் பற்றித் தான் வாக்குக் கொடுப்பதற்கில்லை என்றார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அப்ப கார் சும்மா நிக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். கிரஹாமுக்கு இவரே தொலைபேசியில் தகவல் சொன்னார். அந்த உதவியாளரின் வீட்டுக்கு இருவருமாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் ஊற்றித் தந்தார்.

இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் ஓட்டுகிறேன். இவர் மடக்கு நாற்காலியோடு வருகிறார், அதில் அமர்வதில்லை. நட்டுகளை நான் இறுக்கியபின் தானும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கிறார். நான் இறங்குமுன்பே ஒப்படைப்புக் கேட்கிறார். கிளச் சரி என்றால், எப்படிச் சரி என்று விளக்கம் கேட்கிறார். சென்ற மாதம் மழைத் தூறலில் நான் சற்றே பிந்தி வந்தேன். முன்னால் ஒருவர் மெதுவாகப் போனார், அவ்வளவுதான். திரும்பி வந்து வாரைக் கழற்றினால், கதவடியில் இவர் நிற்கிறார், குடை விரித்தபடியே ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது, சட்டை முழுவதும் ஈரம். கார்த்திக் பின்னாலிருந்து எனக்குக் கையால் சைகை காட்டினார், ஒன்றும் பேச வேண்டாம் என்று. இவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “இஞ்சை பாரும், நீர் அந்த மூலையாலை வெளியிலை வருமட்டும் எனக்கு நெஞ்சு நிண்டு போகுது. இவ்வளவு வருஷமும் நீர் இதையே இதிலை நிண்டு செய்துகொண்டிருந்தனீர்?”

ஆகவே இன்றைய நிலவரப்படி எங்கள் வீட்டில் கார் ஒன்று, ஓட்டுபவர் ஒருவர், பயப்படுபவர்கள் இருவர்.